முருங்கையைத் தோற்கடித்த சார்ட்

கடையில் எந்தப் பொடிப் பாக்கெட்டை எடுத்தாலும் நான் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன். நூறு கிராமில் இவ்வளவு இரும்பு, இவ்வளவு சுண்ணாம்பு என்று கட்டம் போட்டு அச்சடித்திருப்பார்கள். அந்தக் கணக்கு பச்சை இலைக்கா, காய்ந்த இலைக்கா என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுவேன். பெரும்பாலும் இருக்காது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "வாங்கப்போறது அம்பது கிராம் பொடி, இதுக்கு இவ்ளோ விசாரணையா?" என்பார். எழுதாமல் விட்டவர்கள் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. நானும் ஒருமுறை எழுதாமல் விட்டவள்தான்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வீடு திருத்தணியில், ஆட்டோக்கள் மலைக்குத் திரும்பும் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தது. நாலைந்து தலைமுறையாக நாங்கள் கிறிஸ்தவச் சபைக் குடும்பம். ஆனால் காலையில் எங்களை எழுப்புவது மலைமேல் முருகன் கோயிலில் இருக்கும் ஒலிபெருக்கிதான். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. நைனா, அதாவது அப்பா, ஆட்டோ ஓட்டினார். மொட்டை போட வருகிறவர்கள், காவடி எடுத்து வருகிறவர்கள் எல்லோரையும் மேலே ஏற்றிக் கீழே இறக்குவார். ஆடி மாதம் வந்துவிட்டால் நைனாவை நாங்கள் பார்ப்பதே அபூர்வம். நாங்கள் எழுவதற்கு முன் போய்விடுவார். நாங்கள் தூங்கிய பிறகு வருவார்.

அந்த ஆடியில் அம்மா ஆறு மாதம். நான் பிறந்து பதினோரு வருஷம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் கைகழுவிவிட்ட பிறகு, உண்டானது. நர்சம்மா விரலில் குத்திப் பார்த்துவிட்டு ரத்தம் ரொம்பக் கம்மி என்றார். "பத்தயாவது தொடணும். இல்லன்னா இங்க பாக்க முடியாது. திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கி எழுதி குடுத்துடுவேன், முன்னாடியே போயி படுத்துக்க வேண்டியதுதான்" என்றார்.

திருவள்ளூர் ஒன்றும் தூரதேசம் இல்லை. ரயிலேறினால் மணவூரைத் தாண்டி, பேசிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும் ஊர். ஆனால் என் வகுப்பில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காரும் ஒருத்தியின் அம்மா, முந்தின வருஷம் பிரசவத்துக்கு அங்கே எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்டவள், திரும்பி வரவேயில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு சீப்பு படாத தலையோடுதான் பள்ளிக்கு வந்தாள். அவளுடைய தலையைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நான் கணக்குப் பாடம் முழுக்கப் பயந்துகொண்டிருப்பேன். அம்மாவின் ரத்தம் பத்தைத் தொடவேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஜெபமே இல்லை.

ரத்தத்தை ஏற்றும் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டாள். அத்தை நைனாவின் அக்கா. எங்களுக்குப் பக்கத்து வீடு. அவள் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் வேலை. காலை ரயிலுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். பிள்ளை இல்லை. கொல்லையில் ஒரு முருங்கை மரம் இருந்தது. தினமும் காலையில் இரண்டு கொப்பு ஒடித்து, இலையை ஆய்ந்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு வதக்கி, நடுப்பகலில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மாவைத் தரையில் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்துகொள்வாள். கிண்ணம் காலியாகும் வரை அசையமாட்டாள். அதன் பிறகு, அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, நர்சம்மா கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையில் ஒன்றைப் பிய்த்து, எலுமிச்சம்பழச் சாற்றோடு அம்மா கையில் வைப்பாள். அந்த மாத்திரை அம்மாவுக்கு ஆகவே ஆகாது. வாயில் போட்டாலே குமட்டும். "முழுங்கு கண்ணு, முழுங்கு. வாயத் தொற, காட்டு" என்று பார்த்துவிட்டுத்தான் அத்தை எழுந்திருப்பாள்.

கிண்ணத்தில் மிஞ்சுவது எனக்கு. எனக்கு முருங்கைக்கீரை என்றால் வேப்பங்காய். ஈர்க்கு பல்லில் மாட்டும், தொண்டையில் நிற்கும். லீவு நாட்களில் அத்தை கிண்ணத்தோடு வருவதைப் பார்த்தால் நான் கக்கூஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன்.

பள்ளிப்பட்டிலிருந்து மாமா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு. மாமா அம்மாவின் தம்பி. தறி ஓட்டினார், விட்டார். கோழி வளர்த்தார், விட்டார். அந்த வருஷம் பொடி வியாபாரம். ஆந்திராப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கறிவேப்பிலையை மொத்தமாக எடுத்துக் காயவைத்து அரைத்து, பச்சை நிறப் பாக்கெட்டில் அடைத்து, கனகம்மாசத்திரத்தில் ஹைவே ஓரத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திருப்பதி போகிற கார்க்காரர்கள் டீ குடிக்க நிறுத்தும்போது வாங்கிப்போவார்களாம். அக்காவுக்கென்று பத்துப் பாக்கெட் கொண்டுவந்திருந்தார்.

மாமா எனக்கு ரொம்பப் பிடித்தமானவர். வரும்போதெல்லாம் வண்டியில் ஒரு ரவுண்டு கூட்டிப்போவார். அன்று வெயில் அதிகம் என்று ரவுண்டு இல்லை. நான் கட்டிலுக்கு அடியில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன். கட்டில்மேல் உட்கார்ந்து அம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்ளோ தின்னாலும் ஏற மாட்டேங்குதுடா" என்றாள் அம்மா. "போன வாட்டி விட இப்ப கொஞ்சூண்டுதான் கூடி இருக்குதாம்."

"எப்டி ஏறும்? யாரு எதிர்ல உக்காந்து பாத்துகினு இருக்காங்க, அத சொல்லு."

மாமா இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார், கட்டில் கிறீச்சிட்டது.

"நா சொல்றன்னு தப்பா எடுத்துக்காதக்கா. அவங்களுக்கு இல்லாதது ஒனக்கு வந்துகீது. வாயையே பாத்துகினு இருந்தா சாப்ட்டது ஒடம்புல ஒட்டுமா?"

"சே, அப்டியெல்லாம் பேசாத. நம்ம சபைல இதெல்லாம் கெடையாது" என்றாள் அம்மா. பிறகு குரலை இறக்கி, "ஆனா ஒரு மாதிரிதான் இருக்குது. ஒவ்வொரு வாயா எண்றா மாதிரி. நா எப்டிடா வேணான்னு சொல்றது? அவரோட அக்கா ஆச்சே" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் இருந்த எனக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் பிடிபட்டது. முருங்கைக்கீரை உடம்பில் ஒட்டவில்லை. அதாவது, அதில் சத்துப் போதவில்லை. நான் முதலிலிருந்தே சந்தேகப்பட்டதுதான். இதை அம்மாவால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அத்தை கோபித்துக்கொள்வாள் என்று பயப்படுகிறாள். சரி, நாம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்கு வசதியாகப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. ஆளுக்கு ஒரு சார்ட் என்றார் மிஸ். எரிமலை, நீர்ச்சுழற்சி எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் எழுந்து, "கறிவேப்பிலையில சத்து அதிகமா, முருங்கைக்கீரையில சத்து அதிகமா மிஸ்" என்றேன். மிஸ் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "யாரு சொல்லி குடுத்தா?" என்று கேட்டார். "நானே மிஸ்" என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

முருங்கைக்கீரையின் கணக்கு அங்கன்வாடியில் கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கென்று கொடுத்த ஒரு சின்னப் புத்தகத்தில், கீரை வகைகள் என்ற தலைப்பில், நூறு கிராமில் என்னென்ன இருக்கிறது என்று போட்டிருந்தது. கறிவேப்பிலைக்கு மாமாவின் பாக்கெட் இருந்தது. அதன் முதுகிலும் நூறு கிராம்தான். நூறுக்கு நூறு, எனக்குத் தராசு சரியாக நின்றது. இரும்பு, சுண்ணாம்பு, புரதம், நார் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வரியிலும் கறிவேப்பிலை ஜெயித்துக்கொண்டே வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, அடியோடு ஜெயித்தது. முருங்கைக்குப் பாவமாக இருந்ததென்று சொன்னால் பொய். எனக்குக் குதூகலமாக இருந்தது.

தலைப்பு எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. முதல் கட்டத்தை அகலமாகப் போட்டு 'முருங்கைக்கீரை' என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை கொட்டையாக எழுதிவிட்டேன். மிச்சமிருந்த கட்டத்தில் 'கறிவேப்பிலை' என்பதற்கே இடம் நெருக்கியது. பாக்கெட்டில் இருந்தது 'கறிவேப்பிலைப் பொடி'. பொடி வெளியே நின்றது. சார்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் முதலிலிருந்து எழுதலாமா என்று யோசித்தேன். கை வலித்தது. பொடியானால் என்ன, கறிவேப்பிலை கறிவேப்பிலைதானே என்று விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்காமல், அழகாக இருக்குமே என்று வாசலில் இருந்த செடியில் பச்சைப்பசேலென்று ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பறித்து, அந்தக் கட்டத்துக்கு மேல் டேப் போட்டு ஒட்டினேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. பார்க்க வந்த பெரியவர்களில் ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "முருங்கைய விடவாம்மா?" என்று கேட்டார். "ஆங் சார்" என்றேன். அவரும் போய்விட்டார்.

சார்ட்டை வீட்டுச் சுவரில், பைபிள் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில், நாலு ஆணி அடித்து மாட்டினேன். அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் விரிந்தது. பல நாட்களாக அவளை அப்படிப் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, "எம் பொண்ணு எவ்ளோ புத்திசாலி பாரு" என்றாள். பரிசுக்காகத்தான் இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. அத்தை கிண்ணத்தோடு வந்தாள். நான் அன்று கக்கூஸுக்குள் ஒளியவில்லை. சார்ட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அண்ணி, இத பாருங்களேன். ஒங்க மருமவ என்னா எழுதிகீறா பாருங்க" என்றாள் அம்மா. குரலில் தேவைக்கு மேல் கலகலப்பு இருந்தது.

அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். சபையில் வேதபாடம் வாசிக்கும்போதுகூட ஒரு எழுத்தை விழுங்கமாட்டாள். கீழே வரைக்கும் வந்தவள் மறுபடி மேலே போய், நான் ஒட்டியிருந்த கொத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது அதற்குள் வாடத் தொடங்கியிருந்தது.

"இந்த நம்பரெல்லாம் எங்கேர்ந்து எடுத்த?"

"கீரைக்கு அங்கன்வாடி புஸ்தகம். கறிவேப்பிலைக்கு மாமாவோட பாக்கெட்டு."

"ம்" என்றாள் அத்தை.

"அதான் அண்ணி," அம்மா முந்திக்கொண்டு சொன்னாள், "நீங்க இனிமே இந்த வெயில்ல கெடந்து இலை ஆய்ஞ்சிகினு கஷ்டப்பட வேணாம். தம்பி பத்து பாக்கெட்டு வெச்சிட்டு போயிகீறான். ஒரு ஸ்பூன் சோத்துல போட்டு பெசஞ்சிக்கிறேன். நீங்க ஏன் தெனம் அலையணும்?"

அத்தை சார்ட்டை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையில் ஏதோ காவடிக் கூட்டத்தின் மேளச் சத்தம் வந்து, எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போயிற்று.

"சரிம்மா. ஒனக்கு எது ஒத்துக்குதோ அத சாப்டு" என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டாள். கிண்ணம் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கீரையை அன்று யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு நடுப்பகலில் அத்தை வரவில்லை. அம்மா தனியாக உட்கார்ந்து, சோற்றில் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே படுத்துவிடுவாள். எனக்கு அதைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை. சார்ட்டின் மகிமை என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, அத்தையின் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அம்மா என்னை அனுப்பினாள். அத்தை மொட்டைமாடியில் இருந்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் மலைபோல முருங்கை இலை. அந்த வருஷம் மரம் அப்படித் தழைத்திருந்தது. பறிப்பதற்கு ஆளில்லாமல் கிளை முறிந்துவிடும் என்று கழித்துவிட்டாளாம்.

"இவ்ளோவையும் யாரு சாப்புடறது அத்த?"

"காயவெச்சி வெக்கிறேன். கெடக்கட்டும்."

நாலு நாள் கழித்து மறுபடி போனேன். எதற்கென்று ஞாபகம் இல்லை. ஒருவேளை அத்தை வீட்டில் டி.வி. பார்க்கப் போயிருக்கலாம். மாடியில் வேட்டி அதே இடத்தில் இருந்தது. மலையைக் காணோம். நடுவில் ஒரு முறம்கூட நிறையாத அளவுக்கு, கைபட்டால் நொறுங்கும் ஒரு சின்னக் குவியல். அத்தை அதை உள்ளங்கையால் கூட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டில் நிறையவில்லை.

"அத்த, மீதி எங்க?"

"எந்த மீதி?"

"அன்னிக்கி அவ்ளோ இருந்துச்சே."

"அதான் இது. எங்கயும் போவல. தண்ணி போச்சி, அவ்ளோதான். இலைல முக்காவாசி தண்ணிதானே."

நான் பாட்டிலைப் பார்த்தேன். வேட்டியைப் பார்த்தேன். மாமாவின் பாக்கெட்டில் நூறு கிராம் என்று போட்டிருந்தது இதுமாதிரி காய்ந்த நூறு கிராம். அங்கன்வாடிப் புத்தகத்தில் இருந்தது தண்ணீரோடு சேர்ந்த நூறு கிராம். இந்த முருங்கையையும் காயவைத்து நிறுத்தால் அதன் கணக்கும் பல மடங்கு ஏறியிருக்கும். அதைவிட மோசம், அம்மா நூறு கிராம் பொடியா சாப்பிடுகிறாள்? ஒரு ஸ்பூன். அத்தை கொண்டுவந்ததோ கிண்ணம் நிறைய. ரெண்டு பெஞ்சு முன்னால் இருக்கும் தலை கண்முன் வந்தது.

"அத்த, நா தப்பா எழுதிட்டேன்" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டேன். இடம் பற்றாமல் பொடியை விட்டதை, கொத்தை ஒட்டியதை, எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அத்தை முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்போ?"

"அன்னிக்கே. நா எத்தினி வருசமா இலை காயவெக்கிறேன்."

"அப்ப ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

அத்தை பாட்டிலை மூடினாள். மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், இறுகிய பிறகும். "அந்த அட்டைய பாத்ததும் ஒங்கம்மா மூஞ்சி எப்டி ஆச்சின்னு பாத்தியா? அவளுக்கு அது வேண்டி இருந்துச்சி. நா ஏன் கெடுக்கணும்?" பிறகு என்னைத் தன் பக்கம் திருப்பி, "அதெல்லாம் கெடக்குது. மாத்திரைய சாப்புடறாளா?" என்று கேட்டாள்.

எனக்கு மாத்திரையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பகலில் நான் பள்ளியில் இருந்தேன். லீவு நாட்களிலும் பிஸ்கட் டப்பா திறந்து நான் பார்க்கவில்லை. ஆனால் என் மனசெல்லாம் நான் விட்ட அந்த ஒரு சொல்லில் இருந்ததால், சும்மா, "ஆங், சாப்புடறாங்க" என்றேன்.

"பாத்துக்கோ" என்றாள் அத்தை. "ஆங்" என்றேன் மறுபடியும்.

அம்மாவிடம் சார்ட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் நர்சம்மாவிடம் போகும் நாள் வந்துவிட்டது. நைனா ஆட்டோவில் கூட்டிப்போனார். நானும் லீவு போட்டுவிட்டுத் தொற்றிக்கொண்டேன்.

விரலில் குத்தினார்கள். நர்சம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை குத்தச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "என்னாம்மா இது? ஏறிகினு வந்தது எறங்கி போயிகீது?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எல்லாம் என்னால்தான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

"மாத்திரை ஒழுங்கா சாப்புடறியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "கொமட்டுது மேடம். அதான் சத்துப் பொடி சாப்புடறனேன்னு..."

"பொடி சாப்புடு. கீரை சாப்புடு. வேணான்னு யாரு சொன்னா? ரெண்டும் நல்லதுதான். அதுக்காவ மாத்திரைய நிறுத்திடுவியா? ஒனக்கு இருக்குற கொறைக்கி இலை மட்டும் பத்தாதும்மா. போன தடவ வரைக்கும் சாப்ட்டுகினுதானே இருந்த?"

"எங்க நாத்தனாரு வந்து குடுப்பாங்க. முழுங்கற வரைக்கும் எதிர்லயே உக்காந்துகினு இருப்பாங்க."

"இப்ப எங்க போயிட்டாங்க அவங்க?"

நைனா, ஒன்றும் விளங்காமல், "பக்கத்து வூட்லதான் மேடம் கீறாங்க. எங்கயும் போவலியே" என்றார்.

"மூணு வாரம் டைம். அப்பவும் பத்த தொடலன்னா திருவள்ளூர்தான். நா எழுதி குடுத்துடுவேன்" என்று சொல்லி நர்சம்மா அடுத்தவளைக் கூப்பிட்டார்.

ஆட்டோவில் திரும்பினோம். நைனா கண்ணாடியில் இரண்டு தரம் அம்மாவைப் பார்த்தார். எங்கள் தெரு திரும்பியதும் அம்மா, "அண்ணி வூட்டாண்ட நிறுத்துங்க" என்றாள்.

அத்தை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அம்மா வண்டியைவிட்டு இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்று, "அண்ணி, கீரை இருக்குதா?" என்று கேட்டாள்.

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்குது. பண்ணி பாப்பாகிட்ட குடுத்தனுப்பறேன்."

"குடுத்தனுப்ப வேணாம். நீங்க வாங்க."

அத்தை வந்தாள். அதே கிண்ணம், அதே கீரை. அம்மாவின் முன்னால் வைத்தாள். அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தாள். மாத்திரைகள் எல்லாம் அப்படியே இருந்தன. அத்தை என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஒன்றைப் பிய்த்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே உட்காராமல், வாசற்படியில் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது.

அம்மா கிண்ணத்தில் கையை வைத்தபடி சாப்பிடாமல் இருந்தாள்.

"இப்டி வந்து எதிர்ல உக்காருங்க அண்ணி."

"இல்லம்மா. நீ சாப்டு. நா இங்கயே நிக்கிறேன்." அத்தை திரும்பவில்லை.

"நீங்க பாத்தாதான் எனக்கு உள்ள எறங்கும். வாங்க அண்ணி." அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "நா தப்பா நெனச்சிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

அத்தை முகத்தைத் திருப்பாமலே, "ஊரே அப்டித்தான் நெனைக்குது. இருவது வருசமா நா எந்தப் பந்தியிலயும் மாசமா இருக்கறவங்க எதிர்ல உக்காந்தது இல்ல. இது எந் தம்பி வூடாச்சேன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

அம்மா எழுந்திருக்க முயன்றாள். வயிற்றோடு சட்டென்று எழ முடியவில்லை. அதைப் பார்த்ததும் அத்தை ஓடிவந்து அவளைப் பிடித்து உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஒரு வாய் எடுத்துப் போட்டாள். அத்தை பார்த்தாள். அம்மா அழுதுகொண்டே மென்றாள். அத்தை கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். வெளியே நைனா ஆட்டோ இன்ஜினை நிறுத்தாமலேயே, சவாரிக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கறிவேப்பிலையைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்வதற்கு இவ்வளவு அழுகையா? தப்பாக எழுதியது நான். அழவேண்டியவள் நான். ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு போய், ஸ்டூல் போட்டு ஏறி, சார்ட்டில் கறிவேப்பிலைக்குக் கீழே கோட்டின்மேல் நசுக்கி 'பொடி' என்று எழுதினேன். காய்ந்து சருகாகிப்போன கொத்தையும் பிய்த்துப்போட்டேன். இருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று வாரமும் அத்தை எதிரே உட்கார்ந்தாள். மாத்திரையை முழுங்கவைத்து வாயைத் திறந்துகாட்டச் சொன்னாள். ரத்தம் பத்தைத் தொட்டது, பிறகு தாண்டியது. தம்பி திருத்தணியிலேயே பிறந்தான். துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்த நர்சம்மா, "ஒங்கம்மா சொல்லிகினே இருந்த அந்தக் கீரைக்காரம்மா யாரு?" என்று கேட்டு அத்தையின் கையில்தான் முதலில் கொடுத்தார்.

அந்த ரெண்டெழுத்தை நான் சரியான நேரத்தில் எழுதியதால்தான் அம்மா பிழைத்தாள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் விட்டது அந்த ஒரு சொல்தான் என்றும், அதைத் திருத்தியாகிவிட்டது என்றும் நினைத்தேன். மொட்டைமாடியில் மாத்திரையைப் பற்றி அத்தை கேட்டதற்கு நான் சும்மா சொன்ன "ஆங்" எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.